நீலம் போன இடம்

என் நாத்தனாரைப் பற்றி யாராவது விசாரித்தால், தங்கமான பெண், ஆனால் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காராதீர்கள் என்பேன். உட்கார்ந்தால் போச்சு. ஒரு சிட்டிகை உப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இதை இன்னும் பொடியாக்கினால் எவ்வளவு பரப்பு வெளியே தெரியும், அதையும் பொடியாக்கினால் எவ்வளவு என்று ஆரம்பித்துவிடுவாள். எதிரில் இருப்பவருக்குச் சாப்பாடு ஆறிப்போகும். தெருவில் அவளுக்குப் பெயர் பொடி. அதை வைத்தவர் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய சொந்த அண்ணன். கிண்டலுக்குத்தான் வைத்தார். அவளோ பட்டம் வாங்கியதுபோல் அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டாள்.

எங்களுக்குச் சாயப்பட்டறை. மாமனார் காலத்திலிருந்து துணிக்குச் சாயம் ஏற்றுவதுதான் பிழைப்பு. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் பட்டறை முற்றம், அதைத் தாண்டிக் கொதிகலன், தொட்டிகள், துணி காயும் கொடிகள். வீட்டுக்காரர் சாயம் கலக்குவார், நான் அலசுகிற பக்கத்தைப் பார்த்துக்கொள்வேன். பொடி மட்டும் சின்ன வயதிலேயே தப்பித்துவிட்டாள். நகக்கண்ணில் எப்போதும் சாயம் இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்களாம். வேதியியல் படித்தால் அதைப் போக்கும் மருந்து கிடைக்கும் என்று நம்பிப் போய்ச் சேர்ந்தாளாம். மருந்து கிடைக்கவில்லை. நகத்தைப் பற்றிய கவலை போய்விட்டது, அவ்வளவுதான்.

படித்த கல்லூரியிலேயே ஆய்வுக்கூடத்தில் வேலை. மாணவர்களுக்குக் குடுவை எடுத்து வைப்பது, உலையைப் பார்த்துக்கொள்வது, உடைந்ததைப் பெருக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. அது முடிந்ததும் அதே மேசையில் அவளுடைய சொந்த ஆராய்ச்சி. நடுவில் கல்யாணப் பேச்சும் வந்தது. ஒருவரைத் தேநீர்க் கடையில் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள். என்னடி பேசினாய் என்றால், துத்தநாகத்தைப் பற்றி என்றாள். "நல்ல கேள்விதான் கேட்டார் அண்ணி. பதில் முடியறதுக்குள்ள அவருக்கு பஸ் வந்துடுச்சு" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். அந்த மனிதர் இன்னும் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

துத்தநாகம் என்று அவள் சொல்வது துத்தநாக ஆக்சைடு. வெள்ளைப் பொடி, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி. அதைக் கண்ணுக்கே தெரியாத நுண்ணிய துகளாக, உள்ளே ஏகப்பட்ட துளைகளோடு செய்ய வேண்டும் என்பதுதான் அவள் பாடு. "இந்த ஒரு கரண்டிப் பொடியைப் பிரிச்சு விரிச்சா நம்ம பட்டறைத் தரை முழுக்க வரும் அண்ணி" என்பாள். அவ்வளவு பரப்பிலும் வெயில் பட்டால் அது பக்கத்தில் இருக்கும் சாயத்தை உடைத்துத் தள்ளும், ஆனால் தான் தீர்ந்துபோகாது. அதற்கு வினையூக்கி என்று பெயர். இதைக் கேட்ட என் வீட்டுக்காரர், "மத்தவங்களை வேலை வாங்கிட்டு தான் அப்படியே நிக்கும்னா, அது மேற்பார்வையாளர்தானே. அதுக்கு ஏன் இவ்வளவு படிச்ச?" என்று கேட்டார். பொடி சிரித்துக்கொண்டே அதையும் ஒப்புக்கொண்டாள். அவளைக் கோபப்படுத்துவது சுலபமில்லை. அந்த வீட்டுக் கோபத்தையெல்லாம் அண்ணனே எடுத்துக்கொண்டுவிட்டார்.

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் தலையில் இடி விழுந்தது. பட்டறைக்குப் பின்னால் ஓடும் ஓடை ஒருநாள் பளிச்சென்று நீலமாக ஓடியது. நாங்கள் மட்டும் விட்ட தண்ணீர் இல்லை, ஆனால் நாங்களும் விட்ட தண்ணீர்தான். சுற்றுச்சூழல் அதிகாரி வந்தார், பார்த்தார், கொதிகலனுக்கு முத்திரை வைத்தார். கழிவுத்தண்ணீரைச் சுத்தம் செய்ய வழி இருந்தால் காட்டுங்கள், இன்ன தேதி மதியம் திரும்ப வருவேன், அன்றைக்கும் வழி இல்லையென்றால் நிரந்தரமாக மூடிவிடுவேன் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. வேலையாட்கள் வீட்டுக்குப் போனார்கள். கொடிகளில் ஒரு துணியும் இல்லை. என் வீட்டுக்காரர் காலியான தொட்டிகளை நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் எரிந்து விழுவார் என்பதால் நானும் அவரோடு சேர்ந்து துடைத்தேன்.

பொடி வந்து முன்னால் நின்றாள். "அண்ணா, அலசின தண்ணி பீப்பாயில மிச்சம் இருக்குல்ல. எனக்குக் குடு."

"எதுக்கு?"

"என் மேற்பார்வையாளரை வேலைக்கு அனுப்பறேன்."

முதல் முறை எடுத்துக்கொண்டு போய்த் துத்தநாகப் பொடியைக் கொட்டி, கல்லூரி மாடியில் வெயிலில் வைத்தாள். நீலம் போனது. ஆனால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி நின்றது. துகள் அவ்வளவு சின்னது, அடியில் படியவே மாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சாயத்தை எடுத்துட்டுப் பாலை ஊத்தியிருக்க. ஓடை இப்ப வெள்ளையா ஓடும், அதிகாரி காபி போட்டுக் குடிப்பார்" என்றார். அவள் அசரவில்லை. சலித்த மணலை எடுத்து, அதன்மேல் துகளைப் பூசி உலையில் வைத்துச் சுட்டாள். துகள் மணலோடு ஒட்டிக்கொண்டது. இப்போது போட்டால் அடியில் போய் உட்கார்ந்தது. அகலமான பாத்திரத்தில் நீலத் தண்ணீரை ஊற்றி, வெண்மணலைப் போட்டு, வெயிலில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளுக்கு வாயெல்லாம் பல். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் தண்ணீர். குப்பியைச் சுவரில் மாட்டிய நாட்காட்டிக்கு முன்னால் பிடித்தாள். குப்பி வழியாகத் தேதி தெரிந்தது.

என் வீட்டுக்காரர் குப்பியை வாங்கி முகர்ந்து பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், விளக்குக்கு எதிரே பிடித்தார். "இது குழாய்த் தண்ணி இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்று அவள் தலையாட்டியதும் தலைகால் புரியாமல் என்னைப் பிடித்துக்கொண்டார். பட்டறை மூடின நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

அப்புறம் வீடு ரெண்டுபட்டது. கல்லூரி உலை ஓயாமல் எரிந்தது. நான் மணல் சலித்தேன், அவர் மூட்டை தூக்கினார், பொடி வாளி வாளியாகச் சுட்டாள். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலையில் பட்டறை முற்றத்தில் பெரிய தொட்டி நிறைய நீலத் தண்ணீரும் அதற்கேற்ற வெண்மணலும் தயார். "நல்லா வெயில் பட விடணும் அண்ணா. அப்பப்ப கிளறு" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்கு ஓடினாள்.

இங்கேதான் எங்கள் தொழில் புத்தி வேலை செய்தது. சாயக்காரர் கை தொட்டியைத் திறந்தபடி விடாது. திறந்து கிடந்தால் தூசு விழுந்து துணியில் புள்ளி விழும், வெயில் பட்டுச் சாயம் வெளுக்கும். அதனால் கிளறி முடித்தால் மூடி, எட்டிப் பார்த்தால் மூடி. என் வீட்டுக்காரர் தொட்டியைக் கிளறினார், மரமூடியைப் போட்டார், துணி விரித்தார், மேலே ஒரு கல்லையும் வைத்தார். நாள் முழுக்க இப்படித்தான். வெயிலில் வைத்துவிட்டு வெயில் படாமல் பார்த்துக்கொண்டார். நானும் அந்தப் பக்கம் பத்துத் தடவையாவது போயிருப்பேன், எனக்கும் உறைக்கவில்லை. மூடியிருந்த தொட்டி எனக்கு ஒழுங்காகவே தெரிந்தது.

மாலையில் பொடி வந்து முற்றத்தைப் பார்த்ததும் அலறினாள். "யார் மூடினது?"

மூடினவருக்கு முகம் தொங்கிப்போனது. ஒரு நாள் வெயில் வீண், மறுநாள் மதியம் அதிகாரி. என் வீட்டுக்காரர் கல்லை எடுத்தார், துணியை உருவினார், மூடியைத் தள்ளினார்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. நீலம் இல்லை.

அவர் சத்தமாகச் சிரித்தார். "வெயிலே வேண்டாம்டி. இருட்டுலயே வேலை செய்யுது உன் மேற்பார்வையாளர். மழைக்காலத்துலகூடக் கவலை இல்ல." நானும் கைதட்டினேன் என்று நினைக்கிறேன். பொடி மட்டும் சிரிக்கவில்லை. முழங்கைக்கு மேல் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள். அடியிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளி எடுத்து எங்களுக்கு முன்னால் விரித்தாள்.

மணல் கருநீலமாக இருந்தது.

"உடைக்கல அண்ணா. புடிச்சு வச்சுக்கிட்டிருக்கு" என்றாள். "இவ்வளவு துளை இருக்கே, உன் தண்ணில சாயம் ஏத்தப் போட்ட உப்பு வேற. எல்லாச் சாயமும் மணல் மேல போய் ஒட்டிக்கிச்சு. மணல்ல பூசறதுக்கு முன்னால வெறும் பொடியை இருட்டுலயும் வச்சுச் சோதிச்சேன். இந்த மணலுக்கு அவசரத்துல அதைச் செய்யாம விட்டுட்டேன்."

"ஒட்டிக்கட்டும். தண்ணி தெளிஞ்சுதில்ல."

"நாளைக்கு மணல் ரொம்பிடும், அப்புறம் ஒண்ணையும் புடிக்காது. இந்த நீல மணலை எங்க கொட்டுவ? மழை பெஞ்சா திரும்ப ஓடைக்குத்தான் போகும்."

"நாளான்னைக்குக் கதையை நாளான்னைக்குப் பார்த்துக்கலாம். நாளைக்கு அவர் வர்றார், தண்ணியைப் பார்க்கிறார், முத்திரையை எடுக்கிறார். நீ வாயைத் திறக்காத."

"கேட்டா சொல்லுவேன்."

"அவர் கேட்க மாட்டார்."

"கேட்காட்டியும் சொல்லுவேன்."

அவ்வளவுதான், எரிகிற தீயில் எண்ணெய். படித்த திமிர் என்றார், அப்பா கட்டின பட்டறை என்றார், வேலையாட்களின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா என்றார். அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை, அதுதான் கஷ்டம். பொடி நீலக் கையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எனக்கு ரெண்டு பேர் மேலும் கோபம் வந்தது. பட்டறை பிழைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கருநீல மணலைப் பார்த்த பிறகு, அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

விடிந்ததும் எங்கள் வீட்டு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பொடி நீல மணலை வாளியில் தூக்கிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். "அண்ணி, வீட்டுல இருக்கிற தட்டு, தாம்பாளம் எல்லாத்தையும் குடுங்க. கல்லூரி மாடியில மணல் வெள்ளையாவே இருந்துச்சே, ஏன்னு யோசிச்சேன். அங்க வெயில் பட்டுச்சு. புடிச்சதை அப்பப்ப உடைச்சுடுச்சு. இருட்டுல புடிக்கட்டும், அப்புறம் வெயில்ல உடைக்கட்டும். ரெண்டு வேலையாச் செஞ்சா போச்சு." கண்கள் ரெண்டும் மின்னின. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாள், ஆனால் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் நம்ப முடியாது.

"செஞ்சு பார்த்திருக்கியா?"

"இல்ல. இப்பதான் பார்க்கப் போறோம்."

எனக்கும் தொற்றிக்கொண்டது. தட்டுகளை மாடித் தரையில் வரிசையாக வைத்து மணலை மெல்லிசாகப் பரப்பினோம். காய்ந்தால் வேலை செய்யாது, ஈரம் இருக்க வேண்டும் என்றாள். துணிக்குத் தெளிக்கும் குப்பியை எடுத்துக்கொண்டு நான் தட்டுக்குத் தட்டு தெளித்துக்கொண்டே போனேன். ஒரு தட்டை மட்டும் எடுத்து, மாடியில் இருந்த குடிதண்ணீர்த் தொட்டியின் நிழலில், மேலே பலகை போட்டு வைத்தாள். "இது எதுக்கு?" "இந்தத் தடவை இருட்டை மறக்கலன்னு காட்ட" என்றாள். என் வீட்டுக்காரர் மேலே வரவில்லை. கீழே தொட்டியைச் சுற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. மணல் அப்படியே நீலம். தெளித்தேன், கிளறினாள், நீலம். ஒரு மேகம் வந்து சூரியனுக்கு முன்னால் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. அந்த மேகத்தை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மேகம் நகர்ந்தது. மறுபடி தெளித்தேன். முதல் தட்டின் ஓரத்தில் மணல் மெல்லிசாக இருந்த இடத்தில் நீலம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. கண் பொய் சொல்கிறதோ என்று பொடியைக் கூப்பிட்டேன். அவள் குனிந்தாள், நிழலில் இருந்த தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஒன்று கருநீலம், ஒன்று வானநீலம். சந்தேகமே இல்லை. ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு அந்த மாடியில் குதித்தோம். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வானநீலம் சாம்பலாகி, சாம்பல் வெளுத்துக்கொண்டிருக்கும்போது கீழே பேச்சுக்குரல் கேட்டது. அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

நாங்கள் இறங்கினபோது அவர் தொட்டியருகே நின்று, தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கலந்து ஏமாற்றுகிறவர்களை நிறையப் பார்த்த முகம். "நல்லாத்தான் இருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. ஒரு நிமிஷம், வேண்டாம் பொடி, விட்டுவிடு என்று என் வாய்வரைக்கும் வந்தது.

"சார்," என்றாள் பொடி. "சாயம் இன்னும் போகல. மணல்ல இருக்கு. மணல் மாடியில இருக்கு. வந்து பாருங்க."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி குப்பியைக் கீழே வைத்துவிட்டுப் படியேறினார். பின்னாலேயே நாங்கள், கடைசியில் என் வீட்டுக்காரர்.

மேலே தட்டுகளில் மணல் பெரும்பாலும் வெளுத்திருந்தது. நிழல் தட்டு மட்டும் கருநீலமாகவே இருந்தது. பொடி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள், மூடியைப் பற்றியும் சொன்னாள். அதிகாரி ரெண்டு தட்டிலும் விரலை விட்டுக் கிளறிப் பார்த்தார். "வெளுத்த மணலைத் திரும்பப் போட்டா புடிக்குமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார். இன்னும் போட்டுப் பார்க்கல."

"போட்டுப் பார்த்துடலாமே."

பொடி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்ணாடி ஜாடி. சாயப் பீப்பாயின் அடியில் கிடந்ததை, தண்ணீர் கலக்காத சாயத்தையே ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். மையைவிடக் கறுப்பு. "லேசான தண்ணியில காட்டி என்ன பிரயோஜனம்" என்று முணுமுணுத்துக்கொண்டே தங்கையிடம் நீட்டினார்.

பொடி வெள்ளை மணலை அள்ளி அள்ளிப் போட்டாள். அவர் ஜாடியைப் பிடித்துக்கொண்டார், அவள் கிளறினாள். நாலு பேரும் தரையில் உட்கார்ந்து ஜாடியையே பார்த்தோம். கறுப்பு, நீலமானது. நீலம் மெதுவாக மேலிருந்து தெளிந்தது. ஜாடிக்குப் பின்னால் இருந்த என் வீட்டுக்காரரின் விரல்கள் முதலில் மங்கலாகவும், பிறகு நன்றாகவும் தெரிய ஆரம்பித்தன. கொஞ்சம் நீலம் மிச்சம் இருந்தது. அது போகவில்லை.

"முழுசாப் போகல" என்றார் அதிகாரி.

"போகல சார். மணல் இன்னும் வேணும். ரெண்டு தடவையா செய்யணும்."

அதிகாரி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஒரு தொட்டிக்கு மட்டும் அனுமதி குடுக்கறேன். மணல் வெளுத்த பிறகுதான் அடுத்த தொட்டி. அடிக்கடி வந்து பார்ப்பேன்." பொடி என் தோளை நசுக்கிவிட்டாள். அப்போது அவர் வானத்தைப் பார்த்தார். "வெயில் இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?"

பொடியின் கை என் தோளில் அப்படியே நின்றது. எங்கள் ஊரில் மேகத்துக்கா பஞ்சம். தெரியாது என்று சொன்னால் கொடுத்த அனுமதி போய்விடும். ஆனால் அவள் அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும், அவளுடைய வாயும் திறந்துவிட்டது.

"வெயில் இல்லாத நாள்ல பட்டறை ஓடாது சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

அதிகாரி அவரைத் திரும்பிப் பார்த்தார். "நிறைய நாள் போகுமே."

"போகும். எழுதிக்குங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். பொடி அப்படியே தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நீலக் கையால் முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அவளைக் கட்டி அணைப்பதா, அவரை அணைப்பதா என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். என் வீட்டுக்காரர் தங்கையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எழுந்திரு பொடி, வெயில் போயிட்டிருக்கு, அந்த நாலாவது தட்டு இன்னும் வெளுக்கல, கிளறணும்" என்றார்.